அத்தான் பழக்கிக் கொடுத்த சாமியார்

எங்கள் அத்தானைப் பற்றி இப்போது இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கூட்டம் 'பாவம், சூதுவாது தெரியாத மனுஷன்' என்கிறது. இன்னொரு கூட்டம் 'பக்கத்திலேயே நின்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்' என்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். முப்பத்தொரு வருடம் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை. எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டு மாடிப்படி வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவருக்கு வராத ஒரே காரியம் பொய். கேட்க நல்ல குணமாகத்தான் இருக்கும். கட்டிக்கொண்டவளுக்கல்லவா அதன் அருமை தெரியும். அக்கா முடி வெட்டிக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பாள். "இடது பக்கம் கொஞ்சம் ஏறிப்போச்சு" என்பார். அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

அக்கா வேறு ரகம். அவளுக்கு எதிலும் சந்தேகம். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். டாக்டர் சொன்னால் நம்ப மாட்டாள், கடைக்காரன் சொன்னால் நம்ப மாட்டாள், நான் சொன்னால் சுத்தமாக நம்ப மாட்டாள். அத்தான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் அடங்கிவிடுவாள். ஜாடிக்கேற்ற மூடி என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அத்தான் எங்கள் கோயிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பீடத்தைத் தயார் செய்கிற வேலை. பூசைக்கு முன்னால் போய்த் துணி விரிக்க வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்து வைக்க வேண்டும், அன்றைய நிறத்துக்கு ஏற்ற அங்கியைச் சாமியாருக்கு மடிப்புக் கலையாமல் விரித்து வைக்க வேண்டும். பூசைப் புத்தகத்தில் அன்றைய பக்கங்களுக்கு ரிப்பன் போட வேண்டும். பாத்திரம் துடைத்த துணியை அலசினால் முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் ஆண்டவரின் துணுக்கு இருக்கலாம் என்று மண்ணில்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் அத்தான் மீட்டர் பார்த்த அதே முகத்தோடு செய்தார். ஒரு நாளும் எதுவும் இடம் மாறியதில்லை.

அப்போது இருந்த சாமியார் பெரிய கோபக்காரர். குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலைப் பூசையில் மூன்றாவது பெஞ்சு வரைக்கும் வாடை வந்தது. பிரசங்கத்தில் எங்கள் பெயரை மட்டும்தான் சொல்லவில்லை, மற்றபடி எல்லாம் சொல்லித் திட்டினார். கடைசியில் ஆயர் அவரை அழைத்துக்கொண்டார். அதன் பிறகு ஏழு மாதம் எங்களுக்குச் சாமியாரே இல்லை. பக்கத்துப் பங்கின், அதாவது அடுத்த ஊர்க் கோயிலின், சாமியார் மூச்சு வாங்க ஓடி வருவார், அரை மணியில் முடித்துவிட்டு ஓடுவார்.

அந்தச் சமயத்தில்தான் மெல்லச்சாமி வந்தார். அது நாங்கள் வைத்த பெயர். பேச்சு மெல்ல, நடை மெல்ல, கதவைச் சாத்தினால்கூடச் சத்தம் கேட்காது. வெளிநாட்டில் ஒரு துறவியர் சபையில் இருந்தவர், பெரிய நோயிலிருந்து தேறி வருகிறார், ஓய்வில் இருக்கும்போது கோயில் வேலையில் உதவ விரும்புகிறார் என்று ஒரு கடிதம் கொண்டுவந்தார். பக்கத்துப் பங்கின் சாமியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கடிதத்தை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடிதம் அங்கே எந்த மேசையில் தூங்கியதோ.

முதல் நாளே மெல்லச்சாமி கழுத்தில் போடும் நீளப் பட்டையை அங்கிக்கு மேலே போட்டுக்கொண்டு நின்றாராம். அத்தான் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஃபாதர், அது உள்ள போடணும்னு சொன்னேன். ஆமா அண்ணே, மறந்துட்டேன், மருந்து சாப்பிடறேன் இல்லையா, ஞாபகம் நிக்க மாட்டேங்குதுன்னார். பாவம்."

"சாமியார் உங்களை அண்ணேன்னு கூப்பிடறாரா?" என்றாள் அக்கா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தது. ரசத்தில் ஒரு துளி தண்ணீர் சேர்க்க வேண்டும், அவர் மறந்துவிடுவார். அத்தான் தண்ணீர்க் குப்பியை ஒரு அங்குலம் முன்னால் தள்ளி வைத்து, மெதுவாக இருமுவார். பக்கம் தேடித் தடுமாறுகிறார் என்று ரிப்பன்களின் நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் தைத்து வைத்தார். கை விரிக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, குனிய வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. இரண்டு மாதத்தில் மெல்லச்சாமியின் பூசை தண்ணீர் மாதிரி ஓடியது. ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன். பிஸ்கட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகச் சரக்கின் தரம் பார்க்கிறேன், உடைந்ததைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். வெளுத்ததெல்லாம் பால் என்று எட்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என் பாவங்களையெல்லாம் அவரிடம்தான் சொன்னேன். மேற்பார்வையாளர் அம்மாளைப் பற்றி நான் மனதில் நினைத்தது வரைக்கும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

அடுத்த வருடம் அக்கா படுத்தாள். வயிற்றில் கட்டி. பத்து மாதம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம், பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று. மெல்லச்சாமி செவ்வாய்க்கிழமை தோறும் நன்மை, அதாவது பூசையில் வைத்த அப்பம், கொண்டுவருவார். கொடுத்துவிட்டு ஓடுகிறவரில்லை. அரை மணி, ஒரு மணி உட்கார்ந்து அவள் புலம்பலையெல்லாம் கேட்பார். பழைய கோபக்காரர் வந்திருந்தால் வாசலில் நின்றே ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அக்காவின் சந்தேகம் கடைசியில் அங்கேயும் போய் நின்றது. சாவுக்குப் பயந்தாள். கையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் அவளுக்கு.

"ஏங்க, அது ஆண்டவர்தானே? வெறும் அப்பம் இல்லையே?" என்று அத்தானிடம் கேட்டாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆண்டவர்தான். என் கையாலதான் பீடத்துல வெச்சேன், ஃபாதர் அதை ஆண்டவரா மாத்தற வார்த்தையைச் சொன்னப்ப பக்கத்துலயே நின்னேன்" என்றார் அத்தான்.

அவள் அடங்கிவிட்டாள். அடுத்த செவ்வாய் கடைசி நன்மை வாங்கினாள். வியாழக்கிழமை மதியம் போய்விட்டாள். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டுதான் அத்தான் அடுத்த நான்கு மாதம் ஓட்டினார்.

நான்காவது மாதம், யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். பீடத்தில் மெல்லச்சாமியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. இருவரும் சாமியாராவதற்கு ஒரே குருமடத்தில் ஆறு வருடம் படித்தவர்களாம். மெல்லச்சாமியைப் பட்டத்துக்கு ஒரு வருடம் முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவருக்குக் குருப்பட்டமே கிடையாது. வெளிநாடும் கிடையாது, சபையும் கிடையாது. மறுநாள் காலையில் அவர் அறையில் ஒரு பெட்டி குறைந்தது, அவரும் குறைந்தார்.

ஆயர் இல்லத்திலிருந்து, திருச்சபைச் சட்டம் படித்த ஒரு சாமியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு பதிலும் எங்களைக் கிறுகிறுக்க வைத்தது.

அவர் கொடுத்த ஞானஸ்நானங்கள் செல்லும் என்றார். தண்ணீர் ஊற்றி, சரியான வார்த்தையைச் சொல்லி, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு செய்தால் யார் கொடுத்தாலும் செல்லுமாம். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட பாவசங்கீர்த்தனம் செல்லாது, பட்டம் உள்ளவரிடம் மறுபடி போங்கள் என்றார். கல்யாணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆயர் சரிசெய்து தருவார் என்றார். முன்வரிசையில் புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடி ஒன்று பெஞ்சில் அரை அடி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

"பூசை?" என்று யாரோ கேட்டார்கள்.

"பட்டம் பெற்ற குரு மட்டும்தான் அப்பத்தை ஆண்டவருடைய உடலா மாத்த முடியும். அவர் குரு இல்லை. அதனால அந்தப் பூசைகள்ல அப்பம் அப்பமாவே இருந்திருக்கு" என்றார்.

ஒன்றே முக்கால் வருடம் முழங்கால் போட்டிருக்கிறோம்.

"அப்போ அந்தக் குடிகாரர் வெச்ச பூசை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது செல்லும். அவருக்குப் பட்டம் இருக்கு. பாவியா இருந்தாலும் அவர் கையில கிறிஸ்துதான் வேலை செய்யறார்."

சலசலப்பு வந்ததே பார்க்க வேண்டும். எங்களைத் திட்டித் தீர்த்தவர் கொடுத்தது ஆண்டவர். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டவர் கொடுத்தது மாவு. இது என்ன நியாயம் என்று நான் எழுந்து கேட்டேவிட்டேன். "நியாயம்தாம்மா. சாமியாருடைய நல்ல குணத்துல அது தொங்கிச்சுன்னா, நீங்க ஒவ்வொரு ஞாயிறும் அவர் மனசைத் தோண்டிப் பாத்துட்டுத்தான் நன்மை வாங்கணும்" என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அத்தான் கையைத் தூக்கினார்.

"வார்த்தை ஒண்ணுகூட விடல ஃபாதர். நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"வார்த்தை மட்டும் போதாதுங்க."

"சுத்தமான கோதுமை அப்பம். சுத்தமான திராட்சை ரசம். நான்தான் வெச்சேன்."

"அதுவும் வேணும். அது மட்டும் போதாது."

"அவருக்குக் கை விரிக்கக்கூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் அத்தான். அந்த வாக்கியத்தை ஏன் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்? ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் முன்னால் சொன்னேனே இரண்டாவது கூட்டம், அது அந்த நிமிடத்தில் பிறந்ததுதான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"எனக்குப் புரியுது சின்னவளே. வீட்டுக்குள்ள வயர் புதுசு, சுவிட்ச் புதுசு, பல்பு புதுசு. நான்தான் எல்லாத்தையும் தொடச்சு மாட்டி வெச்சேன். கம்பத்துலேர்ந்து இணைப்பே இல்லே. எங்கேர்ந்து எரியும்? அந்தக் கோபக்காரர் வீட்டுல எல்லாம் அழுக்கு. ஆனா இணைப்பு இருந்துச்சு."

"விடுங்க அத்தான். ஆசையோட வாங்கினவங்களை ஆண்டவர் கைவிட மாட்டார், அவருக்கு நம்ம மாதிரி கட்டுப்பாடு கிடையாதுன்னு அந்த ஃபாதரே சொன்னார் இல்லே?"

"அவ ஆசைப்பட்டான்னு எனக்குத் தெரியும். அவளுக்குக் கிடைச்சுதான்னுதான் கேக்கறேன்." அப்புறம் சொன்னார்: "அவ என்கிட்ட கேட்டா. நான் ஆமான்னேன். நான் சொன்னா மட்டும்தான் நம்புவா."

முப்பத்தாறு வருடத்தில் அவளுக்கு அவர் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் பொய் என்று தெரியாமல் சொன்னது. அதைச் சொன்ன நேரம் எந்த நேரம் என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

சாப்பாடு குறைந்தது. கோயில் வேலையை விடவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மனிதர் பாதியாகிவிட்டார். ஒரு சனிக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு இடத்துக்குப் போகணும், துணைக்கு வர்றியா?" என்றார். மெல்லச்சாமி முன்பு தன் தங்கைக்கு ஒரு பார்சல் அனுப்பச் சொல்லியிருந்தாராம். அந்த விலாசம் இவர் நினைவில் அப்படியே இருந்தது. மீட்டர்காரருக்கு விலாசம் மறக்குமா?

இரண்டு பஸ் மாறிப் போனோம். டயர் கடைக்கு மேலே மாடி வீடு. ரப்பர் நாற்றம் படியெல்லாம் ஏறி வந்தது. கதவைத் திறந்தது அவரேதான். பழைய பனியன், நான்கு நாள் தாடி, கையில் பாத்திரம் தேய்க்கும் நார். எங்களைப் பார்த்ததும் நாரிலிருந்து சோப்புத் தண்ணீர் காலில் சொட்டச் சொட்ட நின்றார்.

வழியெல்லாம் நான் திட்ட வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அத்தான் என்னை முந்திக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரிக்கு நீங்க கொடுத்தது என்ன?"

அவர் உள்ளே வரச் சொன்னார். நாங்கள் போகவில்லை. கதவோரம் செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

"அது நம்ம கோயில் அப்பம் இல்லேண்ணே" என்றார் மெல்ல. "அதுக்கு முந்தின வாரம் அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. ஃபாதர், இது நிச்சயமா ஆண்டவர்தானா, எனக்கு நேரம் இல்லே, சரியாச் சொல்லுங்கன்னாங்க. என்னால ஆமான்னு சொல்ல முடியல. அடுத்த வாரம் சொல்றேன்னுட்டு எழுந்து வந்துட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் கன்னியர் மடம் இருக்கு இல்லையா, அங்க ஆறு மணிப் பூசைக்குப் போனேன். சாதாரணச் சட்டையில கடைசி வரிசையில நின்னேன். அது உண்மையான ஃபாதர் வெச்ச பூசை. நன்மையைக் கையில வாங்கினேன். விழுங்கல. திரும்பி நின்னு டப்பியில வெச்சுக்கிட்டேன். நேரா உங்க வீட்டுக்கு வந்தேன். அக்காகிட்ட, இது நிச்சயமா ஆண்டவர்தான்மான்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

திருடிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அறைவதா கும்பிடுவதா தெரியவில்லை. ஒன்றே முக்கால் வருடம் ஊரையே ஏமாற்றியவன் பேச்சை எதை நம்பி எடுத்துக்கொள்வது? அத்தானும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"அந்த அப்பம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நடுவுல சின்னதா ஒரு சிலுவை அழுத்தியிருந்துச்சு. ஓரம் கொஞ்சம் பழுப்பு. நம்மது மாதிரி வழவழன்னு இல்லே."

அத்தான் அந்தச் செருப்புப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கோயிலுக்கு வருவது பொட்டலத்தில் வரும் வெறும் வட்டம், அடையாளம் எதுவும் இருக்காது. அன்று அக்காவால் முழுசாக விழுங்க முடியவில்லை. பாதியை மெல்லச்சாமி அத்தானுக்குக் கொடுத்தார். அந்தப் பாதியில் பாதிச் சிலுவை இருந்ததாம். புதுப் பொட்டலம் பிரித்துவிட்டார்களா என்று அத்தான் அன்றைக்கே கோயில் அலமாரியைப் போய்ப் பார்த்திருக்கிறார். பழைய பொட்டலம்தான் இருந்ததாம். சாவு வேலையில் அதை மறந்துவிட்டார். ஆக, ஆள் பொய், பட்டம் பொய், கடிதம் பொய், அந்த ஒரு அப்பம் மட்டும் உண்மை.

"அன்னிக்கே எங்க அக்கா வீட்டுலேர்ந்து நேரா தையல்காரர் வீட்டுக்கும் போனீங்களே. அவருக்கு என்ன கொடுத்தீங்க?" என்று நான் கேட்டேன். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவர், பக்கவாதத்தில் கிடந்தவர். அக்காவுக்கு ஐந்து நாள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

மெல்லச்சாமி தரையைப் பார்த்தார்.

"நம்ம கோயில்ல இருந்ததுதான். மடத்துல எனக்கு ஒண்ணுதானே கிடைச்சுது. அவர் எதுவும் கேக்கல."

"கேக்காதவங்களுக்கு எதை வேணா குடுக்கலாமா?"

"குருமடத்துலேர்ந்து ஏன் என்னை அனுப்பினாங்கன்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் புரியலக்கா" என்றார். நான் கேட்டதற்கு இது பதிலா? வரிசைப்படுத்தி வைத்த திட்டெல்லாம் எங்கோ போய்விட்டது. அத்தான் எழுந்தார். நன்றி சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. "நல்ல சாமியாரா ஒருத்தரைப் பாத்துப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். எதிர் சீட்டுக்காரர் இடம் மாறிப் போய்விட்டார். "கிடைச்சிடுச்சு சின்னவளே. அவளுக்குக் கிடைச்சிடுச்சு. நான் சொன்னது பொய்யாகல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதக் கணக்கில் அவர் முகத்தில் ரத்தத்தையே பார்க்காத எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கே எல்லோரிடமும் சொல்லி அந்த இரண்டாவது கூட்டத்தின் வாயை அடைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. தையல்காரம்மா கோயில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஹால் கூட்டத்துக்குப் பிறகு அவர் உள்ளே வருவதே இல்லை. பூசை முடியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"நேத்து அந்த ஆள் வீட்டுக்குப் போனீங்களாமே" என்றார் அத்தானிடம். பஸ்ஸில் யார் பார்த்தார்களோ, பட்டென்று செய்தி போயிருக்கிறது. "அன்னிக்கு உங்க வீட்டுல கொடுத்துட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். ஒரே டப்பி. உங்க வீட்டம்மாவுக்கு எதுவோ அதுதான் என் வீட்டுக்காரருக்கும். என்ன சொன்னான்? உள்ளதைச் சொல்லுங்கண்ணே. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. அத்தான் என்னைப் பார்க்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"புதுசா ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். "ரெண்டு வீட்டுக்கும் நம்ம கோயில் அப்பம்தான்."

தையல்காரம்மா கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ உங்க வீட்டம்மாவும் அதோடதான் போனாங்களா?"

"ஆமாம்மா."

"அவங்க எவ்வளவு ஜெபம் பண்ணுவாங்க. அவங்களையே ஆண்டவர் அப்படித்தான் கூட்டிட்டுப் போனார்னா, என் மனுஷனுக்கு மட்டுமா கதவைச் சாத்தியிருப்பார்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, முதல் தடவையாக உள்ளே போனார்.

எனக்கு வந்ததே கோபம்.

"என்ன அத்தான் இது? அக்காவுக்குக் கிடைச்சதை இல்லேன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கா ரெண்டு பஸ் மாறிப் போனோம்?"

"உங்க அக்காவுக்குக் கிடைச்சது கிடைச்சதுதான். நான் இல்லேன்னு சொன்னா அது இல்லாமப் போயிடுமா?" என்றார். "அந்தம்மா கையிலதான் ஒண்ணும் இல்லே."

மணியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பீடத்தைத் தயார் செய்யப் போய்விட்டார். நான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எட்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். புதுச் சாமியார் பூசை வைத்தார். பட்டம் உள்ளவர், விசாரித்துவிட்டோம். நன்மை நேரத்தில் எல்லோரும் வரிசையில் போனார்கள். அத்தான் மட்டும் போகவில்லை. பொய் சொல்லியிருக்கிறேன், பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்க மாட்டேன் என்று கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா நன்மை வாங்கிக்கொண்டு, தலை குனிந்தபடி, அவரைத் தாண்டித் தன் இடத்துக்குப் போனார்.